அட்லாண்டிக் வான்வழிகளில் வணிக வகுப்பு

அட்லாண்டிக் வான்வழிகளில் வணிக வகுப்பு என்பது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து பறக்கும் பயணிகள் வானூர்திகளில், சிக்கன வகுப்புக்கு மேலாகவும் முதல் வகுப்புக்குக் கீழாகவும் அமைந்த பயண வகுப்பு ஆகும். இவ்வழியில் பறக்கும் பெரும்பாலான வானூர்திகளில் இன்று முதல் வகுப்பு இல்லை. அவற்றில் வணிக வகுப்பே மிக உயர்ந்த வகுப்பாக உள்ளது. படுக்கையாக விரியும் இருக்கை, வானூர்தி நிலையத்தில் தனி ஓய்வுக்கூடம், கூடுதல் பயணப்பொதி, சோதனைகளில் முன்னுரிமை, உயர்தர உணவு ஆகியன இவ்வகுப்பின் பொதுவான கூறுகள் ஆகும்.

வணிக வகுப்புக் கட்டணம் சிக்கன வகுப்புக் கட்டணத்தின் பல மடங்காக இருப்பது வழக்கம். எனினும் "வணிக வகுப்பு" என்னும் பெயருக்குப் பன்னாட்டு அளவில் கட்டாயமான வரையறை எதுவும் கிடையாது. ஒரே நிறுவனம் ஒரே பெயரில், ஒரே வழித்தடத்தில், ஒரே நாளில் இருவேறு தலைமுறை இருக்கைகளைக் கொண்ட வானூர்திகளை இயக்குவது உண்டு. இதனால் வானூர்தி நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுவது போதாது. வானூர்தி வகை, இருக்கை அமைப்பு, புறப்படும் நேரம், பயணம் தொடங்கும் நாடு, பறப்பை உண்மையில் இயக்கும் நிறுவனம் ஆகிய ஐந்தும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டியவை ஆகும்.

வழித்தடத்தின் இயல்பு

இலண்டன் ஹீத்ரோ வானூர்தி நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி வானூர்தி நிலையத்துக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர் ஆகும். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பயணம் ஏழரை முதல் எட்டு மணி நேரம் நீடிக்கும். எதிர்த்திசையில் ஆறரை முதல் ஏழு மணி நேரம் போதும். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி உயரத்தில் வீசும் தாரைக்காற்று இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஆகும். 2020 பெப்ரவரியில் கடும் புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து இலண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது.

அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் பறப்புகளில் பெரும்பாலானவை மாலையிலோ இரவிலோ புறப்பட்டு மறுநாள் காலையில் சென்றடைகின்றன. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்பவை பெரும்பாலும் பகலில் பறக்கின்றன. வணிக வகுப்பின் தலையாய பயன் உறக்கம் என்று கொண்டால், அப்பயன் கிழக்கு நோக்கிய இரவுப் பயணத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அதுவே குறுகிய பயணமும் ஆகும். ஏற்றம், இரவு உணவு, காலை உணவு, இறக்கம் ஆகியவற்றுக்கான நேரத்தைக் கழித்தால், ஆறரை மணி நேரப் பறப்பில் தொடர்ச்சியாக உறங்கக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு மணி நேரமே. காற்று எவ்வளவு சாதகமாக வீசுகிறதோ, அவ்வளவுக்குப் படுக்கைக்குப் பணம் கொடுத்தவரின் உறக்கம் குறைகிறது.

இக்குறையைப் போக்க இரு வழிமுறைகள் உள்ளன. அமெரிக்கக் கிழக்குக் கரை நகரங்களில் சில நிறுவனங்கள் இரவு உணவை ஓய்வுக்கூடத்திலேயே வழங்குகின்றன. பயணி வானூர்தியில் ஏறியதும் உறங்கிவிடலாம். நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களிலிருந்து காலையில் புறப்பட்டு அன்றிரவே இலண்டனை அடையும் பகல் பறப்புகளும் உள்ளன. இவற்றில் செல்பவர் இரவைத் தங்குமிடத்தில் கழிப்பதால் படுக்கை இருக்கையின் தேவை பெரிதும் குறைகிறது.

வரலாறு

தோற்றம்

1970களில் குறைந்த கட்டணப் பயணச்சீட்டுகள் பெருகியபோது, முழுக் கட்டணம் செலுத்திய அலுவல் பயணிகளும் கழிவு விலையில் பயணம் செய்த சுற்றுலாப் பயணிகளும் ஒரே அறையில் அருகருகே அமர நேர்ந்தது. 1977 இல் ஃபிரெடி லேக்கர் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொடங்கிய 'ஸ்கைட்ரெயின்' என்னும் மலிவுக் கட்டணச் சேவை இப்போக்கை விரைவுபடுத்தியது. முழுக் கட்டணப் பயணிகளைத் தக்கவைத்துக்கொள்ள, 1976 இல் கேஎல்எம் நிறுவனம் அவர்களுக்குச் சிக்கன வகுப்பின் முன்பகுதியை ஒதுக்கியது. 1978 இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 'கிளப்' வகுப்பையும், பான் ஆம் 'கிளிப்பர்' வகுப்பையும் அறிமுகப்படுத்தின. தொடக்கத்தில் தனிப் பகுதியும் மேலான உபசரிப்புமே முதன்மையான வேறுபாடுகளாக இருந்தன. அகன்ற இருக்கைகள் பின்னரே வந்தன.

இதே காலத்தில் கான்கார்ட் மீயொலி வானூர்தி 1977 நவம்பர் முதல் நியூயார்க்குக்குப் பறந்தது. ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் கடலைக் கடந்த அதன் இருக்கைகள் குறுகலானவை. பயணி பணம் கொடுத்தது நேரத்துக்காகவே. 2003 இல் கான்கார்ட் சேவை முடிவுற்றபின் அட்லாண்டிக்கில் விரைவை விலைக்கு வாங்கும் வழி இல்லாமற்போனது. விற்பனைக்கு எஞ்சியது உறக்கம் மட்டுமே.

படுக்கை இருக்கை

2000 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தனது 'கிளப் வேர்ல்டு' வகுப்பில் முழுமையாகக் கிடைமட்டமாக விரியும் படுக்கை இருக்கைகளைப் பொருத்தியது. அதுவரை இத்தகைய படுக்கை முதல் வகுப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இருக்கைகளில் பாதி வானூர்தியின் பின்புறத்தை நோக்கி அமைக்கப்பட்டன. சாளர ஓரத்தில் இருப்பவர் அடுத்தவரின் கால்களைத் தாண்டியே வெளியே வர வேண்டியிருந்தது. 2003 இல் வர்ஜின் அட்லாண்டிக் தனது 'அப்பர் கிளாஸ்' பிரிவில், ஒவ்வொரு பயணியும் நேராக நடைவழிக்கு வரக்கூடிய சாய்வரிசை இருக்கைகளை அறிமுகப்படுத்தியது. வணிக வகுப்பில் படுக்கை பரவியதால் முதல் வகுப்பின் தேவை குறைந்தது. பல நிறுவனங்கள் அட்லாண்டிக் வழிகளில் அதனைக் கைவிட்டன.

முழு வணிக வகுப்பு நிறுவனங்கள்

வானூர்தி முழுவதையும் வணிக வகுப்பாகவே இயக்கும் முயற்சிகள் அட்லாண்டிக்கில் பலமுறை நடந்துள்ளன. 2005 இல் இயோஸ், மேக்ஸ்ஜெட் ஆகிய நிறுவனங்கள் இலண்டன் ஸ்டான்ஸ்டெட் நிலையத்திலிருந்தும், 2007 இல் சில்வர்ஜெட் லூட்டன் நிலையத்திலிருந்தும் சேவையைத் தொடங்கின. இயோஸ் நிறுவனம் ஒரு போயிங் 757 இல் 48 இருக்கைகளை மட்டுமே வைத்திருந்தது. எரிபொருள் விலையேற்றமும் கடன் நெருக்கடியும் சேர, மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரிலும், இயோஸ் 2008 ஏப்ரலிலும், சில்வர்ஜெட் 2008 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. அலுவல் பயணிகள் ஒரு நாளில் பல பறப்புகள் உள்ள நிறுவனங்களையே விரும்புவர். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பறப்புகள் மட்டுமே கொண்ட சிறு நிறுவனங்களால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009 முதல் 32 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ318 வானூர்தியை இலண்டன் நகர நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு இயக்கியது. குறுகிய ஓடுபாதையில் முழு எரிபொருளுடன் மேலெழ இயலாமையால் அது அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் இறங்கிச் சென்றது. அந்த இடைவேளையில் பயணிகள் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை முடித்துக்கொண்டனர். இச்சேவை 2020 இல் நின்றது. 2014 இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனமான லா கொம்பனி இவ்வகையில் நிலைத்து நின்ற நிறுவனம் ஆகும்.

இருக்கை வகைகள்

இருக்கை அமைப்பு எண்களால் குறிக்கப்படுகிறது. 2-2-2 என்பது நடைவழிகளால் பிரிக்கப்பட்ட இரண்டிரண்டு இருக்கைகள் கொண்ட வரிசையைக் குறிக்கும். 1-2-1 அமைப்பில் ஒவ்வொரு இருக்கையும் நடைவழியைத் தொட்டு அமையும்.

• சாய்விருக்கை: முதுகுப்புறம் சாயும், படுக்கையாகாது.
• சரிவுப் படுக்கை: நேர்க்கோடாக விரியும், ஆனால் தரைக்குச் சாய்வாக இருக்கும். உறங்குபவர் மெல்லக் கீழே சறுக்குவது இதன் குறை ஆகும்.
• இணைப் படுக்கை: முழுக் கிடைமட்டமானது, ஆனால் 2-2-2 போன்ற அமைப்பில் சாளரப் பயணி அடுத்தவரைத் தாண்டிச் செல்ல வேண்டும். சேர்ந்து பயணம் செய்யும் இருவருக்கு இது ஏற்றது.
• மாற்றுவரிசைப் படுக்கை: ஒரு வரிசைப் பயணியின் கால்கள் முன்வரிசை இருக்கையின் பக்கமேசைக்கு அடியில் நீளும். கால் வைக்கும் குழி குறுகலாக இருப்பது உண்டு.
• சாய்வரிசைப் படுக்கை: இருக்கை நடைவழியை நோக்கியோ சாளரத்தை நோக்கியோ திரும்பியிருக்கும். சாளரத்தை நோக்கிய வகை தனிமையை மிகுதியாகத் தருகிறது.
• கதவுடைய தனியறை: மேற்கண்ட வகைகளில் ஒன்றுக்குத் தாழ்வான தடுப்பும் நகரும் கதவும் சேர்க்கப்பட்டது. கதவு தனிமையைக் கூட்டுமே தவிரப் படுக்கையின் நீளத்தையோ அகலத்தையோ கூட்டாது.

நிறுவனங்களின் ஒப்பீடு

• பிரிட்டிஷ் ஏர்வேஸ்: 2019 இல் ஏர்பஸ் ஏ350 வானூர்தியுடன் 1-2-1 அமைப்பிலான, கதவுடைய 'கிளப் சூட்' இருக்கையை அறிமுகப்படுத்தியது. பழைய வானூர்திகளை மாற்றும் பணி பல ஆண்டுகள் நீண்டதால் இருவகை இருக்கைகளும் ஒரே பெயரில் விற்கப்பட்டன.
• வர்ஜின் அட்லாண்டிக்: 2019 இல் ஏ350 வானூர்தியிலும் 2022 இல் ஏ330நியோ வானூர்தியிலும் புதிய 1-2-1 இருக்கைகளைப் பொருத்தியது. வானூர்திக்கு வானூர்தி அமைப்பு வேறுபடுகிறது.
• டெல்டா: 2017 இல் ஏ350 வானூர்தியில் கதவுடைய 'டெல்டா ஒன்' தனியறைகளை அறிமுகப்படுத்தியது. இதே பெயரில் போயிங் 767 இல் கிடைக்கும் இருக்கை கதவற்றது, குறுகலானது.
• யுனைட்டெட்: 2016 இல் 'பொலாரிஸ்' என்னும் பெயரை அறிவித்தது, இதற்கெனத் தனி ஓய்வுக்கூடங்களும் உண்டு.
• அமெரிக்கன் ஏர்லைன்ஸ்: 2025 இல் போயிங் 787-9 வானூர்தியின் புதிய அமைப்பில் கதவுடைய இருக்கைகளை அறிமுகப்படுத்தியது.
• லுஃப்தான்சா: நெடுங்காலம் 2-2-2 அமைப்பையே பயன்படுத்தியது. 2024 இல் 'அலெக்ரிஸ்' என்னும் பெயரில், ஒரே வகுப்புக்குள் பலவகை இருக்கைகள் கொண்ட அமைப்பைத் தொடங்கியது. சில இருக்கைகளைத் தெரிவுசெய்யக் கூடுதல் கட்டணம் உண்டு.
• ஏர் பிரான்ஸ்: 2022 இல் போயிங் 777 வானூர்தியில் நகரும் கதவுடைய இருக்கையை அறிமுகப்படுத்தியது.
• ஏர் லிங்கஸ்: டப்ளினிலிருந்து பறக்கிறது. பயணிகள் அமெரிக்கக் குடிவரவு, சுங்கச் சோதனைகளை டப்ளினிலேயே முடித்துவிடுவதால், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிகளைப் போல இறங்கிச் செல்லலாம். இதன் ஏ321 வானூர்தியில் இரட்டை இருக்கை வரிசையும் ஒற்றை இருக்கை வரிசையும் மாறி மாறி வருகின்றன.
• ஜெட்புளூ: 2021 ஆகஸ்டில் நியூயார்க்–இலண்டன் சேவையைத் தொடங்கியது. ஒற்றை நடைவழி கொண்ட ஏ321 வானூர்தியில் 24 கதவுடைய 'மிண்ட்' இருக்கைகளை வைத்துள்ளது.
• லா கொம்பனி: பாரிசு ஓர்லி–நியூவார்க் வழியில், 76 படுக்கை இருக்கைகள் கொண்ட ஏ321நியோ வானூர்திகளை இயக்குகிறது. அமைப்பு 2-2 ஆகும்.
• ஐஸ்லாந்தேர்: ரெய்க்யவிக் வழியாகச் செல்கிறது. இதன் உயர்வகுப்பு சாய்விருக்கைகளைக் கொண்டது. படுக்கையை எதிர்பார்ப்பவருக்குப் பொருந்தாது.

இவையன்றி, மூன்றாம் நாட்டு நிறுவனங்களும் இங்கு பறக்கின்றன. எமிரேட்ஸ் 2013 முதல் மிலான்–நியூயார்க் வழியிலும் 2017 முதல் ஏதென்ஸ்–நியூவார்க் வழியிலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிராங்க்ஃபுர்ட்–நியூயார்க் வழியிலும் சேவை வழங்குகின்றன. தன் நாட்டில் தொடங்கும் பயணத்தின் தொடர்ச்சியாக, வேறு இரு நாடுகளுக்கு இடையே பயணிகளை ஏற்றிச்செல்லும் இவ்வுரிமை வான்பயணத்தின் 'ஐந்தாம் சுதந்திரம்' எனப்படும்.

கூட்டு வணிகம்

பல நிறுவனங்கள் பறப்பதாகத் தோன்றினாலும், அட்லாண்டிக் சந்தையின் பெரும்பகுதி மூன்று கூட்டு வணிகக் குழுக்களின் கையில் உள்ளது. இக்குழுக்களின் உறுப்பினர்கள் கட்டணங்களையும் நேர அட்டவணைகளையும் கலந்து முடிவு செய்து, வருவாயைப் பகிர்ந்துகொள்கின்றனர். பயணி எந்த உறுப்பினரின் வானூர்தியில் பறந்தாலும் வருவாய் பொதுவானது. இதற்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை போட்டித் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துள்ளது. 1993 இல் நார்த்வெஸ்ட், கேஎல்எம் ஆகியன இவ்விலக்கை முதன்முதலில் பெற்றன.

• அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஃபின்னேர், ஏர் லிங்கஸ்
• யுனைட்டெட், ஏர் கனடா, லுஃப்தான்சா குழுமம்
• டெல்டா, ஏர் பிரான்ஸ், கேஎல்எம், வர்ஜின் அட்லாண்டிக்

இதன் விளைவாக, ஒரே குழுவின் இரு நிறுவனங்களுடைய கட்டணங்களை ஒப்பிடுவதில் பயன் குறைவு. அவை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். உண்மையான விலை வேறுபாட்டைக் காண, வெவ்வேறு குழுக்களையும் எக்குழுவிலும் சேராத ஜெட்புளூ, லா கொம்பனி, ஐஸ்லாந்தேர் போன்ற நிறுவனங்களையும் ஒப்பிட வேண்டும். ஒரே குழுவுக்குள் விலை ஒன்றாக இருக்கும்போது, இருக்கையின் தரமும் புறப்படும் நேரமுமே தெரிவை முடிவு செய்ய வேண்டியவை ஆகும்.

கட்டணம்

அலுவல் பயணிகளே இவ்வகுப்பின் முதன்மை வாடிக்கையாளர்கள் என்பதால், அவர்கள் குறைவாகப் பயணம் செய்யும் ஆகஸ்ட் மாதத்திலும் கிறித்துமசு காலத்திலும் கழிவு விலைகள் அறிவிக்கப்படுவது வழக்கம். முன்பதிவுக் காலம், குறைந்தபட்சத் தங்கல் நாட்கள், திருப்பிப் பெறும் உரிமை ஆகியவற்றைப் பொறுத்து ஒரே இருக்கைக்குப் பல விலைகள் உள்ளன. மிகக் குறைந்த விலைச் சீட்டுகளில் சில, மாற்றவோ திருப்பிப் பெறவோ இயலாதவை.

பயணம் தொடங்கும் நாடும் விலையை மாற்றுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் வான்பயணி வரி வகுப்பைப் பொறுத்து விதிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் அமெரிக்காவுக்கான பயணத்தில் மிகக் கீழ் வகுப்புக்கு 90 பவுண்டும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 216 பவுண்டும் வரியாக இருந்தது. வேறு நாட்டிலிருந்து வந்து, இலண்டனில் 24 மணி நேரத்துக்குள் மாறிச் செல்லும் பயணிக்கு இவ்வரி இல்லை. இதனாலும், சந்தைக்குச் சந்தை கட்டணம் வேறுபடுவதாலும், டப்ளினில் தொடங்கி இலண்டன் வழியாகச் செல்லும் சீட்டு, இலண்டனில் தொடங்கும் சீட்டைவிட மலிவாக அமைவது உண்டு.

இவ்வழியைப் பின்பற்றுபவர் இரண்டு விதிகளை அறிந்திருக்க வேண்டும். முதற்கட்டப் பறப்பில் ஏறாவிட்டால் எஞ்சிய சீட்டு முழுவதும் வழக்கமாக நீக்கப்படும். தொடக்க நகருக்குச் செல்லத் தனியாக வாங்கிய பறப்பு தாமதமானால், அதனால் ஏற்படும் இழப்பு பயணியையே சாரும்.

மேற்கு நோக்கிய பகல் பயணத்தைக் குறைந்த வகுப்பிலும், கிழக்கு நோக்கிய இரவுப் பயணத்தை மட்டும் வணிக வகுப்பிலும் மேற்கொள்ளும் கலப்புச் சீட்டுகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. செலவைக் குறைத்து உறக்கத்தைப் பெறும் எளிய வழி இதுவாகும்.

பயணிகளின் உரிமை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எனும் விதியின்படி, வணிக வகுப்புச் சீட்டு பெற்றவரைக் கீழ் வகுப்பில் அமர்த்தினால் நிறுவனம் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். அட்லாண்டிக்கைக் கடக்கும் நெடும் பறப்புகளுக்கு இது அப்பறப்பின் விலையில் 75 விழுக்காடு ஆகும். வகுப்பைப் பொறுத்து மாறாத வரிகள் இக்கணக்கில் சேரா என 2016 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்திலிருந்து விலகியபின் இவ்விதியைத் தன் சட்டமாகத் தக்கவைத்துக்கொண்டது.

ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பறப்புகளில் எந்நாட்டு நிறுவனமாயினும் இவ்விதி பொருந்தும். அமெரிக்காவிலிருந்து வரும் பறப்புகளில் ஐரோப்பிய அல்லது பிரித்தானிய நிறுவனம் இயக்கினால் மட்டுமே பொருந்தும். எடுத்துக்காட்டாக, நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு வர்ஜின் அட்லாண்டிக் இயக்கும் பறப்புக்கு இப்பாதுகாப்பு உண்டு; அதே விலையில், அதே கூட்டு வணிகத்தில் டெல்டா இயக்கும் பறப்புக்கு இல்லை. சீட்டில் அச்சிடப்பட்ட பறப்பு எண் யாருடையது என்பது இங்கு கருதப்படுவதில்லை. வானூர்தியை இயக்குபவர் யார் என்பதே கருதப்படும். எனவே "இயக்குபவர்" எனச் சிறிய எழுத்தில் குறிக்கப்படும் பெயர், இருக்கையின் வகையை மட்டுமன்றிப் பயணியின் சட்ட உரிமையையும் தீர்மானிக்கிறது.

சூழல் தாக்கம்

ஒரு படுக்கை இருக்கை பிடிக்கும் தரைப்பரப்பில் பல சிக்கன வகுப்பு இருக்கைகளை அமைக்க முடியும். இதனால் ஐக்கிய இராச்சிய அரசின் கணக்கீட்டு முறையில், நெடுந்தொலைவு வணிக வகுப்புப் பயணி ஒருவருக்கு உரிய கரிம உமிழ்வு, சிக்கன வகுப்புப் பயணிக்கு உரியதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகக் கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

• கான்கார்ட்
• தாரைக்காற்று
• வானூர்திக் கூட்டணி
• சிக்கன வகுப்பு